நடுகல் மரபும் புலம்பெயர் நினைவேந்தலும்: ஒஸ்லோ நகரை முன்வைத்து

முன்னுரை

போரில் மாண்டோர்க்குக் கல் நட்டு வழிபடும் வழக்கம் தமிழரிடையே ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இருந்துவருகிறது. இலங்கையில் 1983 முதல் 2009 வரை நீடித்த போர் இவ்வழக்கத்தைப் புதியதொரு நிலைக்குக் கொண்டுவந்தது. மாண்டோரின் கல்லறைகள் இடிக்கப்பட்டன. அவற்றின்முன் விளக்கேற்ற வேண்டிய பெற்றோரிலும் உடன்பிறந்தோரிலும் பலர் கடல்கடந்த நாடுகளில் குடியேறிவிட்டனர். கல்லும் இல்லை, கல் நின்ற மண்ணும் எட்டாத் தொலைவில் இருக்கிறது என்னும் இந்நிலையில், நினைவேந்தல் எதைப் பற்றி நிற்கிறது என்னும் வினா எழுகிறது.

இவ்வினாவை ஆராய நோர்வே ஏற்றதொரு களம். இலங்கைப் பின்னணி கொண்டோர் ஏறத்தாழப் பதினைந்தாயிரம் பேர் வாழும் இந்நாடு, 2000 முதல் இலங்கைச் சமாதான முயற்சியின் நடுவராகவும் இருந்தது. அதன் தலைநகராகிய ஒஸ்லோவில் ஆண்டுதோறும் நவம்பர் 27இல் மாவீரர் நாளும், மே 18இல் முள்ளிவாய்க்கால் நினைவு நாளும் கடைப்பிடிக்கப்பட்டு வருகின்றன. இக்கட்டுரை அவற்றைத் தமிழரின் பழைய நடுகல் மரபோடும், நோர்வே மக்கள் தம் மாண்டோரைப் போற்றும் முறையோடும் ஒப்பிட்டு நோக்குகிறது. இடத்தை இழந்த நினைவேந்தல் பெயரைக் கொண்டே நிலைபெற இயலும் என்பதும், அப்பெயர்ப்பதிவு இன்னும் முழுமை பெறவில்லை என்பதும் இங்கு நிறுவப்படும் கருத்துகளாகும்.

நடுகல்: கல், பெயர், சுற்றம்

தொல்காப்பியப் புறத்திணையியல் நடுகல் வழிபாட்டைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு படிகளாக வகுக்கிறது. கல்லைத் தேர்தலில் தொடங்கி வாழ்த்துதலில் முடியும் இம்முறையில் மாண்டவரின் உடல் எங்குமே பேசப்படவில்லை என்பது கருதத்தக்கது. கல்லே உடலின் இடத்தைப் பெறுகிறது. அக்கல்லை இன்னாருடைய கல் ஆக்குவது அதில் பொறிக்கப்படும் பெயரும் பீடும்.

2006ஆம் ஆண்டு தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டெடுத்த தமிழி எழுத்து நடுகற்கள் இதற்குத் தொன்மையான சான்று. கி.மு. காலத்தவை எனக் கல்வெட்டறிஞர் பலர் கருதும் இக்கற்களுள் ஒன்று, கூடலூரில் நிகழ்ந்த ஆகோளில் பட்ட தீயன் அந்தவன் என்பவனுடையது. ஊர், நிகழ்வு, பெயர் ஆகிய மூன்றே செய்திகள் அதில் உள்ளன. ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின்னரும் அம்மனிதனை அறிய அவை போதுமானவையாக இருக்கின்றன.

பல்லவர் காலத்துச் செங்கம் பகுதி நடுகற்கள் இன்னும் விரிவானவை. அரசனின் ஆட்சியாண்டு, வீரனின் தலைவன் பெயர், வீரனின் பெயர், அவன் பட்ட காரணம் ஆகியவற்றை அவை வரிசைப்படக் கூறும். முதலாம் மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர்க் கல்லில், கருந்தேவகத்தி என்னும் வீரனோடு நின்று கள்வரைக் கடித்த கோவிவன் என்னும் நாயும் பெயர் பெற்றுள்ளது. கல் நட்டவர்கள் ஒரு நாயின் பெயரைக்கூட விட்டுவிட விரும்பவில்லை.

இம்மரபில் பின்வரும் ஆய்வுக்குத் தேவையான கூறுகள் மூன்று. முதலாவது, கல் பயணம் செய்யக்கூடியது. சிலப்பதிகார வஞ்சிக் காண்டத்தில் சேரன் செங்குட்டுவன் இமயத்திலிருந்து கல் கொணர்ந்து, கங்கையில் நீர்ப்படை செய்து, வஞ்சியில் கோயில் எடுக்கிறான். கண்ணகி நீதி கேட்டதும் மதுரை எரிந்ததும் பாண்டிய நாட்டில். கல் எடுத்ததோ வடக்கே இமயத்தில். வழிபாடு நிகழ்ந்தது சேர நாட்டில். இரண்டாவது, அவ்வாறு கல் பெற்ற கண்ணகி போர்க்களத்தில் பட்டவள் அல்லள். அரசின் பிழையால் கணவனை இழந்து நீதி கேட்ட குடிமகள் அவள். வீரர்க்குரிய ஆறு படிகளும் அவளுக்கு நிகழ்த்தப்பட்டன. மூன்றாவது, ஆநிரை கவர்ந்த வெட்சியார்க்கும் அதை மீட்கச் சென்ற கரந்தையார்க்கும் கல் நடப்பட்டது. அவரவர் சுற்றம் அவரவர்க்குக் கல் எடுத்தது. அக்கற்கள் ஒரே நிலப்பரப்பில் நின்றன.

துயிலும் இல்லங்களும் அவற்றின் அழிவும்

தமிழீழ விடுதலைப் புலிகள் இயக்கத்தில் முதலில் களச்சாவு எய்தியவராகக் கொள்ளப்படும் லெப்டினன்ட் சங்கர், காயமுற்ற நிலையில் தமிழ்நாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டு 1982 நவம்பர் 27இல் உயிர்நீத்தார். அந்நாளை மாவீரர் நாளாகக் கடைப்பிடிக்கும் வழக்கம், இந்தியப் படை இலங்கையில் நின்ற 1989ஆம் ஆண்டில், மணலாற்றுக் காட்டில் போராளிகள் கூடிய நிகழ்வோடு தொடங்கியது.

தொடக்கத்தில் மாண்ட போராளிகளின் உடல்கள் அவரவர் குடும்ப வழக்கப்படி எரிக்கவோ புதைக்கவோ பட்டன. 1991 முதல் துயிலும் இல்லங்களில் புதைக்கும் முறை நிலைபெற்றது. உடலை எரிக்கும் சைவ வழக்கினர் பெரும்பான்மையாக உள்ள சமூகத்தில் இது பெரியதொரு மாற்றம். புதைத்தலுக்கு 'விதைத்தல்' என்றும், உடலுக்கு 'வித்துடல்' என்றும் பெயரிட்டு இயக்கம் இம்மாற்றத்திற்குப் பொருள் கற்பித்தது. உப்சாலாப் பல்கலைக்கழகச் சமய வரலாற்றுப் பேராசிரியர் பீட்டர் சால்க், இச்சொற்களையும் சடங்குகளையும் பல கட்டுரைகளில் ஆராய்ந்துள்ளார். உடல் கிடைத்தவர்க்குக் கல்லறையும், கிடைக்காதவர்க்கு நினைவுக்கல்லும் அமைக்கப்பட்டன. உடலற்றவரும் பெயரால் அவ்வரிசையில் இடம்பெற்றனர். நடுகல்லின் கொள்கை இங்குப் புதிய உருவில் தொடர்வதைக் காணலாம்.

யாழ்ப்பாணத்துக் கோப்பாய்த் துயிலும் இல்லத்தின் வரலாறு இக்கற்களின் நிலையின்மைக்குச் சான்று. 1995இல் தொடங்கிய படை நடவடிக்கையில் குடாநாடு இராணுவத்தின் வசமானபின் அது இடித்தழிக்கப்பட்டது. நோர்வேயின் நடுமையில் 2002 பெப்ரவரியில் ஏற்பட்ட போர்நிறுத்தத்தின்போது மீளக் கட்டப்பட்டது. போர் முடிந்தபின் மீண்டும் தரைமட்டமாக்கப்பட்டு, 2011இல் அந்நிலத்தில் இராணுவத்தின் 51ஆவது படைப்பிரிவுத் தலைமையகம் திறக்கப்பட்டது. ஏனைய துயிலும் இல்லங்களும் அழிக்கப்பட்டன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் நின்ற முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியும் 2021 சனவரி 8ஆம் நாள் இரவில் இடிக்கப்பட்டது. மாணவரின் எதிர்ப்புக்குப் பின் அவ்வாண்டிலேயே மீள எழுப்பப்பட்டது.

இதே தீவில் வேறொரு நினைவேந்தலும் நவம்பர் மாதத்தில் நிகழ்கிறது. அரசுக்கெதிராக இருமுறை ஆயுதக் கிளர்ச்சி நடத்திய மக்கள் விடுதலை முன்னணி, தன் தலைவர் ரோகண விஜேவீர 1989 நவம்பர் 13இல் கொல்லப்பட்டதை முன்னிட்டு, மாண்ட தோழர்களை ஆண்டுதோறும் வெளிப்படையாக நினைவுகூர்ந்து வருகிறது. ஒரே ஆண்டின் ஒரே மாதத்தில் தோன்றிய இவ்விரு நினைவு நாள்களுள் ஒன்று பொதுவெளியில் இடம்பெற்றது. மற்றொன்று நெடுங்காலம் வீட்டுக்குள்ளும் கோயில் மணியோசைக்குள்ளும் ஒடுங்கவேண்டியிருந்தது. வட கிழக்கில் 2016 முதல் மக்கள் துயிலும் இல்ல நிலங்களைத் துப்புரவு செய்து மீண்டும் விளக்கேற்றத் தொடங்கியுள்ளனர். எனினும் பல இடங்களில் எந்தக் கல் எவருடையது என்று அறியும் வழி இல்லை.

நோர்வேக்கு வந்தோர்

1956இல் யாழ்ப்பாணத்திலிருந்து நோர்வேக்கு வந்த அந்தோனி இராசேந்திரம், இந்நாட்டில் குடியேறிய முதல் தமிழராக அறியப்படுகிறார். அவர் முயற்சியால் 1960களில் நோர்வே நண்பர்களின் உதவியோடு காரைநகரில் சீநோர் மீன்பிடித் தொழில் திட்டம் உருவாயிற்று. 1975இல் நோர்வே அரசு தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்தியபின், மக்கள் உயர்பள்ளிகளில் கல்வி பயிலும் அனுமதி பெற்று இளைஞர் பலர் வந்தனர். 1983 இனக்கலவரத்திற்குப் பின் ஏதிலியராக வந்தோர் தொகை பெருகியது. வட கோடியிலுள்ள பின்மார்க் மாகாண மீன் பதனிடும் ஆலைகளில் உழைத்த பலர், பின்னர் ஒஸ்லோவுக்கும் பேர்கனுக்கும் குடிபெயர்ந்தனர். இவ்வரலாற்றையும், தொலைவிலிருந்து தாயகத்தோடு கொண்ட அரசியற் பிணைப்பையும் மானிடவியலாளர் ஓய்விந்த் புக்லரூட் 1999இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்துள்ளார்.

ஒஸ்லோவின் கிழக்கிலுள்ள குரூருட் பள்ளத்தாக்கும், தெற்கிலுள்ள சோன்றே நூர்ட்ஸ்ட்ராண்ட் பகுதியும் குடியேறிய மக்கள் மிகுந்து வாழும் இடங்கள். பியோர்ண்டால் இப்பிற்பகுதியைச் சேர்ந்தது. காட்டின் விளிம்பில் எண்பதுகளில் எழுந்த புறநகர்க் குடியிருப்பு அது. ஈழப்போரின் வயதும் அக்குடியிருப்பின் வயதும் ஏறத்தாழ ஒன்று. முன்னோர் புதைந்த மண் என்றோ, தலைமுறைகள் கண்ட கோயில் என்றோ அங்குக் குடியேறிய எவருக்கும் ஒன்று இல்லை. நோர்வேச் சட்டப்படி ஒரு கல்லறைக்கு உறுதியான காப்புக்காலம் இருபது ஆண்டே. அதன்பின் குடும்பத்தார் கட்டணம் செலுத்தினாலன்றி அந்நிலம் வேறொருவர்க்கு உரியதாகலாம். ஆகவே இத்தகைய புறநகர்களில் வாழும் தமிழ்க் குடும்பம், போரில் மாண்ட தன் மகனையோ மகளையோ நினைவுகூர ஒரு நிலத்தைச் சார்ந்திருக்க இயலாது. சுவரில் மாலையிட்ட ஒளிப்படமும், ஆண்டுக்கொருமுறை வாடகைக்கு எடுக்கப்படும் மண்டபமுமே அதற்குக் கிடைப்பவை.

சட்டநிலையிலும் நோர்வே தனித்ததொரு நாடு. விடுதலைப் புலிகள் இயக்கத்தை இந்தியா 1992இலும், அமெரிக்கா 1997இலும், பிரித்தானியா 2001இலும், கனடாவும் ஐரோப்பிய ஒன்றியமும் 2006இலும் தடைசெய்தன. ஒன்றியத்தில் உறுப்பினரல்லாத நோர்வே, நடுவர் என்னும் தன் பணியைக் கருதி, 2006 சனவரியில் ஒன்றியத்தின் தடைப் பட்டியலைப் பின்பற்றுவதை நிறுத்திக்கொண்டது. இதனால் ஏனைய பல நாடுகளில் சின்னங்களும் கொடிகளும் வழக்குக்குரியனவாக இருந்த காலத்தில், நோர்வேத் தமிழர் அவ்வச்சமின்றி நினைவேந்தல் நடத்த முடிந்தது. இவ்வுரிமை தரும் பொறுப்பைப் பின்னர் நோக்கலாம்.

இடம் இழந்தபின் நேரம்

துயிலும் இல்லங்களில் மாலை 6.05 மணிக்கு மணியொலி எழுப்பி, அகவணக்கம் செலுத்தி, ஈகைச்சுடர் ஏற்றுவது முறை. அது லெப்டினன்ட் சங்கர் உயிர்நீத்த நேரம் எனக் கூறப்படுகிறது. நவம்பர் மாதத்தில் நோர்வேயின் நேரம் இலங்கை நேரத்திற்கு நாலரை மணி பிந்தியது. ஆகவே தாயக நேரத்தைப் பின்பற்றுவோர்க்கு ஒஸ்லோவில் சுடரேற்றும் வேளை பிற்பகல் 1.35 மணி. தாயகத்தில் அது அந்திப்பொழுது. ஒஸ்லோவிலும் அந்நாள்களில் ஞாயிறு பிற்பகல் மூன்றரை மணிக்குள் மறைந்துவிடும். எனவே அச்சுடர் அங்கும் சாயும் வெயிலிலேயே ஏற்றப்படுகிறது.

இந்நேரத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. 1996இல் இலங்கை அரசு நாட்டின் நேரத்தை முதலில் ஒரு மணியும், பின் திருத்தி அரை மணியும் முன்தள்ளியது. புலிகளின் ஆட்சிப் பகுதிகள் அம்மாற்றத்தை ஏற்காமல் பழைய நேரத்தையே கொண்டிருந்தன. 2006 ஏப்ரலில் கொழும்பும் பழைய நேரத்திற்குத் திரும்பியது. அப்பத்தாண்டுகளில் ஒரே தீவில் இரு கடிகாரங்கள் ஓடின. தாயக நேரத்தைக் கணக்கிட்டுச் சுடரேற்றிய புலம்பெயர்ந்தோர் வன்னியின் கடிகாரத்தையே கொண்டனர். கல்லுக்குப் பக்கத்தில் நிற்க இயலாதவர், கல்லின் முன் விளக்கு ஏறும் கணத்தில் தாமும் விளக்கேற்றுவதன் மூலம் அவ்விடத்தில் நிற்கின்றனர். 2009க்குப் பின் அக்கல்லும் இல்லாமற்போக, அந்தக் கணம் மட்டுமே எஞ்சியது.

மண்டபங்களில் அமைக்கப்படும் மாதிரிக் கல்லறைகளும், கார்த்திகைப்பூவும், வரிசையாக வைக்கப்படும் ஒளிப்படங்களும் இவ்வகையின. அவை ஒரு நாள் நின்று மறுநாள் அகற்றப்படும். செய்துகொள்ளும் கற்களின் இவ்வழக்கு நடுகல் மரபுக்கு முற்றிலும் அயலானதன்று. வாழ்த்துதலே சடங்கின் முடிநிலை என்று தொல்காப்பியம் வகுத்திருப்பதை இங்கு நினைவிற்கொள்ளலாம்.

ஒஸ்லோவின் நினைவு நாள்கள்

நவம்பரில் நினைவுகூர்வோர் ஒஸ்லோவில் தமிழர் மட்டுமல்லர். அம்மாதத்தின் முதல் ஞாயிறு நோர்வேத் திருச்சபையின் அனைத்துப் புனிதர் நாள். அந்நாளில் மக்கள் இடுகாடுகளுக்குச் சென்று கல்லறைகளில் சுடர் வைப்பர். கார்த்திகை விளக்கீட்டை அறிந்த யாழ்ப்பாணத்தார்க்கு இக்காட்சி அந்நியமானதாகத் தோன்றாது.

1942 நவம்பர் 26இல், செருமானிய ஆக்கிரமிப்பின்கீழ், ஐந்நூறுக்கும் மேற்பட்ட யூதர்கள் ஒஸ்லோத் துறைமுகத்திலிருந்து 'டோனாவ்' கப்பலில் ஏற்றிச் செல்லப்பட்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஆசுவிட்சிலிருந்து திரும்பவில்லை. அவர்களைக் கைதுசெய்தது நோர்வேக் காவல் துறை. ஆக்கர்சூசுக் கோட்டையருகே, கப்பல் புறப்பட்ட துறையை நோக்கி, அந்தோனி கோர்ம்லி அமைத்த நினைவகம் 2000ஆம் ஆண்டு முதல் நிற்கிறது. அமரும் பலகை இல்லாத வெற்று நாற்காலிகளே அதன் உருவம். அரசின் சார்பில் பிரதமர் மன்னிப்புக் கோரியது 2012 சனவரியில்தான். தம் அரசு செய்த குற்றத்தை ஒப்புக்கொள்ள நோர்வேயர்க்கும் எழுபது ஆண்டுகள் ஆயின.

மே மாதத்தில் இவ்வருகமை இன்னும் கூர்மையானது. மே 17 நோர்வேயின் அரசியலமைப்பு நாள். காலையில் போர் நினைவுக்கற்களுக்கு மலர்வளையம் சாத்தப்படும். பின்னர்ப் பள்ளிப் பிள்ளைகள் கொடியேந்தி ஊர்வலம் செல்வர். தமிழ்ப் பிள்ளைகளும் தம் பள்ளிகளோடு அதில் நடப்பர். மறுநாள் முள்ளிவாய்க்கால் நினைவு நாள். 2009ஆம் ஆண்டு மே 17ஆம் நாளே, துப்பாக்கிகள் மௌனிக்கின்றன என்னும் அறிவிப்பைப் புலிகளின் சார்பில் செல்வராசா பத்மநாதன் வெளியிட்டார். மகிழ்ச்சி நாளும் துயர நாளும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் நாட்காட்டியோடு நோர்வேத் தமிழரின் அடுத்த தலைமுறை வளர்கிறது.

2011 சூலை 22இல் ஒஸ்லோவிலும் ஊத்தோயா தீவிலும் 77 பேர் கொல்லப்பட்டனர். தீவிலிருந்து நீந்தித் தப்பியவருள் ஒருவர், யாழ்ப்பாணத்தில் பிறந்து மூன்று வயதில் நோர்வேக்கு வந்த கம்சாயினி குணரத்தினம். 2015இல் ஒஸ்லோவின் துணை மேயரான அவர், 2021இல் நாடாளுமன்றத்திற்குத் தெரிவானார். அப்படுகொலைக்கு நினைவகம் அமைக்க 2014இல் தேர்ந்தெடுக்கப்பட்ட வரைவு, அயலில் வாழ்வோரின் எதிர்ப்பால் 2017இல் கைவிடப்பட்டது. வேறிடத்தில், வேறு உருவில், 77 வெண்கலத் தூண்களோடு 2022இல்தான் நினைவகம் திறக்கப்பட்டது. எங்கே கல் நடுவது என்பது தன் நாட்டிலேயே வாழும் சமூகத்திற்கும் எளிய வினாவன்று. ஆயின் கொல்லப்பட்ட 77 பேர் யார் யார் என்பதில் அச்சமூகத்திற்கு ஐயம் இருந்ததில்லை. ஈழத்தமிழர்க்கு இல்லாத நிலை இதுவே.

பட்டியலும் அதன் எல்லைகளும்

புலிகள் இயக்கம் தன் மாண்ட போராளிகளைப் பெயர், இயக்கப்பெயர், தரநிலை, ஊர், வீரச்சாவடைந்த நாள், களம் எனப் பதிவுசெய்து வந்தது. 2008 நவம்பருக்குள் அத்தொகை இருபதாயிரத்தைத் தாண்டியிருந்தது. புலம்பெயர் மண்டபங்களில் வைக்கப்படும் படங்களும் பெயர்களும் இப்பதிவிலிருந்தே பெறப்பட்டன. 2009இன் இறுதி மாதங்களில் இப்பதிவுப்பணி சிதைந்தது. அம்மாதங்களில் மாண்ட போராளிகளுள் பலரின் பெயரும் நாளும் இடமும் அவர்களுடன் நின்றவர்களின் நினைவில் மட்டுமே உள்ளன.

பொதுமக்களின் நிலை இதனினும் துயரமானது. இறுதிக்கட்டப் போரில் நாற்பதாயிரம் பேர் வரை மாண்டிருக்கக்கூடும் என ஐக்கிய நாடுகள் பொதுச்செயலாளரின் வல்லுநர் குழு 2011இல் அறிக்கையிட்டது. வன்னியில் பதிவான மக்கள் தொகையையும் வெளியேறியோர் தொகையையும் ஒப்பிட்டு, 1,46,679 பேரின் கதி என்னவென்று மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு அவ்வாண்டில் வினவினார். இவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள தொலைவே, பெயர்ப்பட்டியல் இல்லை என்பதைக் காட்டும் அளவுகோல். 2017 பெப்ரவரி முதல் கிளிநொச்சியில் தெருவோரம் அமர்ந்த காணாமலாக்கப்பட்டோரின் தாயர் கையிலிருப்பவை எண்கள் அல்ல. ஒவ்வொருவரிடமும் ஒரு படமும் ஒரு பெயரும் உள்ளன.

இவர்களையன்றி, எப்பட்டியலிலும் இடம்பெறாத வேறு சிலரும் உள்ளனர். 1986 மே மாதத்தில் புலிகளால் கொல்லப்பட்ட சிறீ சபாரத்தினமும் தெலோ இயக்கத்தினரும், 1990 சூன் 19இல் சென்னையில் கொல்லப்பட்ட பத்மநாபாவும் அவர் தோழர்களும் தத்தம் அமைப்பினரால் தனித்தனி நாள்களில் நினைவுகூரப்படுகின்றனர். எல்லாத் தரப்பின் கொலைகளையும் பதிவுசெய்த மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்களுள் ஒருவராகிய ராஜனி திராணகம, 1989 செப்டெம்பர் 21இல் யாழ்ப்பாணத்தில் சுடப்பட்டு இறந்தார். முதல் மாவீரர் நாளுக்கு இரு மாதங்களே முற்பட்ட நாள் அது. விரும்பாமல் போருக்கு இழுத்துச் செல்லப்பட்டு மாண்ட இளையோரின் பெற்றோர் மாவீரர் பெற்றோராக மதிப்பளிக்கப்படும்போது, அவர்தம் துயரின் ஒரு பகுதி சொல்லப்படாமலே நின்றுவிடுகிறது. ஒஸ்லோவின் புறநகர் ஒன்றில் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் இரு தமிழ்க் குடும்பங்கள், வெவ்வேறு துப்பாக்கிகளால் மாண்ட பிள்ளைகளை வெவ்வேறு நாள்களில் நினைக்க நேர்வது புலம்பெயர் வாழ்வின் இயல்பாகிவிட்டது.

இவர்கள் அனைவரையும் ஒரே சொல்லால் அழைக்கவேண்டும் என்பது இதன் பொருளன்று. மாவீரர் என்னும் சொல்லுக்கு அதற்குரிய வரையறை உண்டு. அச்சொல்லைச் சுற்றி நிற்கும் பெற்றோரின் மதிப்புணர்வும் பொய்யானதன்று. ஆனால் வெட்சியார்க்கும் கரந்தையார்க்கும் கல் நட்ட மரபு, வீரரல்லாத கண்ணகிக்கும் வீரர்க்குரிய முறையில் கல் எடுத்த மரபு, தன் வழித்தோன்றல்களிடம் அதனினும் குறுகிய நெஞ்சை எதிர்பார்க்காது. நோர்வேத் தமிழர் தம் பிள்ளைகள் பயிலும் கல்விக்கூடத்திற்கு அன்னை பூபதியின் பெயரை இட்டனர். 1988இல் மட்டக்களப்பு மாமாங்கேசுவரர் கோயில் முன்றிலில் ஒரு மாதம் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த தாய் அவர். துப்பாக்கி ஏந்தாத ஒருவரின் பெயர் வார இறுதிதோறும் நோர்வேயில் பிறந்த பிள்ளைகளின் வாயில் வழங்குகிறது. கல் இல்லாமலே நிலைத்த நடுகல்லாக அதனைக் கொள்ளலாம்.

நோர்வே தரும் முன்மாதிரி

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் நோர்வே அரசு, மாண்ட தன் மக்களின் வாழ்க்கைக் குறிப்புகளைத் தொகுத்து, 'நம் மாண்டோர்' என்னும் பொருள்படும் தலைப்பில் 1949 முதல் 1951 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்டது. பத்தாயிரத்திற்கும் மேற்பட்டோர் அதில் இடம்பெற்றுள்ளனர். படைவீரர், வணிகக் கப்பல் மாலுமியர், எதிர்ப்பியக்கத்தினர், சிறைமுகாம்களில் இறந்தோர், நாடுகடத்தப்பட்ட யூதர் எனப் பலரும் அகரவரிசையில் ஒருங்கே நிற்கின்றனர். பிறந்த நாள், பெற்றோர், தொழில், இறந்த முறை ஆகியவை சுருக்கமாகத் தரப்பட்டுள்ளன. புகழ்மொழி அதில் குறைவு. எனினும் ஒரு மீனவ ஊரின் பத்தொன்பது வயதுப் பையனை அவன் பேரன் தலைமுறையினர் இன்றும் அதில் தேடிக் கண்டுகொள்ளலாம்.

ஒஸ்லோவுக்குத் தெற்கே ஸ்டாவெர்னில் 1926இல் திறக்கப்பட்ட நினைவு மண்டபம் மற்றொரு சான்று. முதல் உலகப் போரில் மாண்ட மாலுமியர்க்காக எழுப்பப்பட்ட அக்கூம்பகக் கட்டடத்தினுள், செப்புத் தகடுகளில் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. இரண்டாம் போரில் மாண்ட மாலுமியரின் பெயர்கள் பின்னர்ச் சேர்க்கப்பட்டன. அவர்களின் உடல்களைக் கடல் கொண்டது. கரையில் உள்ளவை பெயர்கள் மட்டுமே. அப்பெயர்கள் இருந்தமையால்தான், போருக்குப் பின் நெடுங்காலம் புறக்கணிக்கப்பட்ட மாலுமியரிடம் நோர்வே அரசு 2013இல் மன்னிப்புக் கோரியபோது, அது எவரிடம் கோரப்பட்டது என்பது தெளிவாக இருந்தது.

தமிழர்க்கு ஓர் அரசு இல்லை என்பது உண்மை. ஆயின் பதிவுப்பணி முழுவதும் அரசையே சார்ந்ததன்று. 2009 மே மாதம் படையினரிடம் சரணடைந்து காணாமலானோரைப் பற்றிய பல பட்டியல்களை ஒப்புநோக்கி, அத்தொகை ஏறத்தாழ ஐந்நூறு என 2018இல் இரு ஆய்வு நிறுவனங்கள் கணக்கிட்டன. வெவ்வேறு கைகள் தனித்தனியே எழுதிவைத்த பெயர்கள் ஒன்றோடொன்று பொருந்தும் இடங்களையே அக்கணக்கு அடிப்படையாகக் கொண்டது. ஒருவர் தம் வீட்டில் எழுதிவைக்கும் பெயரும் பின்னாளில் சான்றாகலாம் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

கனடாவின் பிராம்டன் நகரில் 2025 மே 10ஆம் நாள் தமிழினப்படுகொலை நினைவுத்தூபி திறக்கப்பட்டது. இலங்கை அரசு அதனை எதிர்த்தது. இத்தகைய கற்கள் வேண்டுவனவே. ஆயினும் ஒரு கல் எண்ணிக்கையைச் சுமக்கலாம், துயரைச் சுமக்கலாம், குற்றச்சாட்டையும் சுமக்கலாம். அதில் பொறிக்கத்தக்க பெயர்களை, கல் எழுமுன்னரோ பின்னரோ, எவரேனும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சேர்த்தாகவேண்டும்.

இதற்குக் காலம் மிகுதியாக இல்லை. எண்பதுகளில் பிள்ளைகளை இழந்த பெற்றோர் இன்று முதுமை எய்திவிட்டனர். இறந்த நாளை அறிந்தவர், இயக்கப்பெயருக்குப் பின்னிருந்த வீட்டுப்பெயரை அறிந்தவர், எந்தத் தென்னையடியில் எவரை அவசரமாகப் புதைத்தனர் என்பதை அறிந்தவர் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர். நோர்வேயில் பிறந்த பிள்ளைகள் நோர்வே மொழியில் எழுத வல்லவர். பாட்டியின் பேச்சைப் புரிந்துகொள்ளவும் அவர்களால் இன்னும் முடிகிறது. அச்சமின்றிப் பேசும் உரிமையும், ஆவணங்களைக் காக்கும் நூலகங்களும், இருமொழியறிந்த இளையோரும் ஒருங்கே உள்ள இடங்களுள் ஒஸ்லோவும் ஒன்று. முன்னர்க் குறிப்பிட்ட பொறுப்பு இதுவே.

முடிவுரை

நடுகல் மரபில் கல், பெயர், சுற்றம் ஆகிய மூன்றும் இணைந்து நின்றன. தாயகத்தில் கல் அழிக்கப்பட்டது. புலம்பெயர்ந்த சுற்றம், கல்லின் இடத்தில் ஒரு நேரத்தை வைத்து நினைவேந்தலைக் காத்துவந்துள்ளது. ஒஸ்லோவில் பிற்பகல் 1.35க்கு ஏற்றப்படும் சுடர் இதன் அடையாளம். அது சிறிய செயலன்று. ஆயின் சுடரேற்றுவோர் மறைந்தபின் அந்நேரத்தின் பொருளைச் சொல்ல எஞ்சப்போவது பெயர்களே.

மாவீரர் பட்டியலை நிறைவுசெய்தல், பொதுமக்களுக்கு ஒரு பட்டியலைத் தொடங்குதல், தமிழர் கையாலேயே மாண்ட தமிழரையும் மறைக்காது எழுதுதல் ஆகிய மூன்றும் இன்று செய்யத்தக்க பணிகள். அவற்றைத் தனித்தனித் தலைப்புகளில் வைத்தாலும் ஒரே தொகுப்பினுள் வைப்பது மரபுக்கு ஒத்ததாகும். பெயர், ஊர், பெற்றோர், இறந்த நாள், இறந்த முறை என்னும் ஐந்து செய்திகள் இருந்தால் போதும். கூடலூர் ஆகோளில் பட்ட அந்தவனுக்குக் கல் நட்டவர்கள் அவற்றினும் குறைவாகவே எழுதினர். அவர்கள் யார் என்பது இன்று எவருக்கும் தெரியாது. அந்தவனின் பெயர் மட்டும் தெரிகிறது.